இரவல் ஆசைகள்: ‘செயின்சா மேன்’ டெஞ்சிக்கு உண்மையில் என்னதான் வேணும்?

சாப்பிட இருப்பது வெறும் ரொட்டி. அதையும் தன் வளர்ப்புப் பிராணியோடு பங்கு போட்டுக்கொள்கிறான் ஒரு பதின்ம வயதுப் பையன். மற்றவர்கள் எல்லாம் ரொட்டியில் ஜாம் தடவிச் சாப்பிடுவார்களாம் என்று எங்கோ கேள்விப்பட்டிருக்கிறான். ஒருநாள் நாமும் அப்படிச் சாப்பிடணும் என்பதுதான் அவனுடைய கனவு. கனவே அவ்வளவுதான்.

ஜப்பானிய மங்கா கலைஞர் டாட்சுகி ஃபுஜிமோட்டோவின் ‘செயின்சா மேன்’ கதையின் தொடக்கப் பக்கங்களில் இந்தக் காட்சி வருகிறது. ‘வீக்லி ஷோனென் ஜம்ப்’ இதழில் 2018 டிசம்பர் முதல் 2020 டிசம்பர் வரை, 97 அத்தியாயங்களாக இதன் முதல் பாகம் வெளிவந்தது. 2022 ஜூலையில் இரண்டாம் பாகம் ‘ஷோனென் ஜம்ப் பிளஸ்’ தளத்தில் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபரில் ‘மப்பா’ ஸ்டுடியோ 12 எபிசோடுகள் கொண்ட அனிமேவாக எடுத்தது. 2025 செப்டம்பரில் வந்த ‘ரேசே’ திரைப்படம் இந்தியத் திரையரங்குகளுக்கும் வந்தது.

மேலோட்டமாகப் பார்த்தால் இது ரத்தம் தெறிக்கும் ஆக்‌ஷன் கதை. தலையிலும் கைகளிலும் மரம் அறுக்கும் இயந்திரம் முளைத்த ஒருவன் பேய்களை வெட்டித் தள்ளுகிறான். ஆனால், கொஞ்சம் நின்று படித்தால் கதை முழுக்க ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருப்பது தெரியும். நாம் ஆசைப்படுவதெல்லாம் நம்ம ஆசைதானா, இல்லை யாரோ கொடுத்த இரவலா?

(கவனம்: முதல் பாகத்தின் முடிவு வரை ஸ்பாய்லர்கள் உண்டு.)

யார் இந்த டெஞ்சி?

டெஞ்சிக்கு அப்பா விட்டுச்சென்ற ஒரே சொத்து கடன். அதுவும் யாகூசா கும்பலிடம் வாங்கிய கடன். அதை அடைக்க மரம் வெட்டுகிறான், டெவில்களைக் கொல்கிறான். ஒரு சிறுநீரகத்தையும் ஒரு கண்ணையும்கூட விற்றுவிட்டான். அப்படியும் 3 கோடியே 80 லட்சம் யென்னுக்கு மேல் பாக்கி.

இந்தக் கதையின் உலகத்தில், மனிதர்கள் எதைக் கண்டு பயப்படுகிறார்களோ அது டெவிலாகப் பிறக்கும். பயம் கூடக் கூட அதன் பலமும் கூடும். அப்படிப் பிறந்த ‘செயின்சா டெவில்’தான் டெஞ்சியின் வளர்ப்புப் பிராணி போச்சிட்டா. நாய்க்குட்டி மாதிரி இருக்கும், மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் ரம்பம்.

ஒருநாள் யாகூசா கும்பல் டெஞ்சியை ஏமாற்றிக் கொன்றுவிடுகிறது. அவன் உடலைத் துண்டு துண்டாக்கிக் குப்பைத்தொட்டியில் போடுகிறார்கள். அப்போது போச்சிட்டா அவனுக்கு இதயமாக மாறி உயிர் கொடுக்கிறது. பதிலுக்கு அது கேட்பது ஒன்றுதான். அவன் தன் கனவை வாழ்ந்து காட்ட வேண்டும். ஏனென்றால், டெஞ்சி தன் கனவுகளைச் சொல்லக் கேட்பது அதற்கு ரொம்பப் பிடிக்கும்.

டெஞ்சி பிழைத்து எழுந்ததும் வருகிறாள் மாகிமா. டெவில் வேட்டைக்கான அரசுத் துறையில் பெரிய அதிகாரி. அவனுக்கு இரண்டே வழி என்கிறாள். டெவிலாகச் செத்துப்போகலாம், அல்லது மனிதனாக இருந்து அவளால் வளர்க்கப்படலாம். ‘வேலைக்கு வா’ என்று அவள் கூப்பிடவில்லை, ‘வளர்க்கப்படு’ என்றுதான் சொல்கிறாள். அந்த வித்தியாசம் டெஞ்சிக்கு உறைக்கவே இல்லை. காலைச் சாப்பாட்டுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்கிறான். வெண்ணெயும் ஜாமும் தடவிய ரொட்டி உண்டு என்கிறாள். அவ்வளவுதான், டீல் முடிந்தது.

ஜிரார் வரைந்த முக்கோணம்

இங்கே ஒரு பிரெஞ்சு சிந்தனையாளரைக் கொஞ்சம் அறிமுகப்படுத்திக்கொள்ளலாம். ரெனே ஜிரார். 1923இல் அவினியோன் நகரில் பிறந்து, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இலக்கியம் கற்பித்து, 2015இல் மறைந்தவர். 1961இல் வெளிவந்த தன் முதல் புத்தகத்தில் நாவல்களை ஆராய்ந்து அவர் முன்வைத்த கருத்து, இலக்கியம் தாண்டி இன்று மார்க்கெட்டிங் வகுப்புகள் வரைக்கும் பேசப்படுகிறது.

ஆசை என்பது நேர்கோடு என்றுதான் நாம் நினைக்கிறோம். இங்கே நான், அங்கே எனக்குப் பிடித்த பொருள், நடுவில் யாரும் இல்லை. ஜிரார், அது முக்கோணம் என்கிறார். நடுவில் எப்போதும் மூன்றாவதாக ஓர் ஆள் உண்டு. அந்த ஆள் அதை விரும்புவதால், அல்லது விரும்பத்தக்கது என்று காட்டுவதால்தான் நமக்கும் அது வேண்டும் என்று தோன்றுகிறது. அந்த மூன்றாவது ஆளை ஜிரார் ‘இடையாள்’ என்கிற பொருளில் குறிப்பிட்டார்.

அவர் எடுத்துக்கொண்ட முதல் உதாரணம் செர்வாந்தெஸின் ‘டான் குவிக்ஸாட்’. வீரர்கள் பற்றிய கதைப் புத்தகங்களைப் படித்துப் படித்து, தானும் வீரனாக வேண்டும் என்று கிளம்பும் கிழவர் அவர். அவருக்கு இடையாள் ஒரு கதாபாத்திரம். ஆனால், ஜிரார் கூடவே கவனித்த இன்னொரு விஷயம்தான் டெஞ்சிக்குப் பொருந்துகிறது. குவிக்ஸாட்டின் உதவியாள் சாஞ்சோ பான்சா ஒரு சாதாரண விவசாயி. பாலாடைக்கட்டியையும் ஒயினையும் பார்த்தால் அவனுக்குச் சப்புக்கொட்டும். அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, அது பசி. ஆனால், ஒரு தீவுக்கு ஆளுநர் ஆகணும் என்ற ஆசை? அது குவிக்ஸாட் அவன் காதில் போட்டது.

பசி வேறு, ஆசை வேறு. பசி உடம்பிலிருந்து வரும். ஆசை இன்னொருவரிடமிருந்து வரும்.

ஜாம் யாருடைய ஆசை?

டெஞ்சியைப் பற்றிப் பேசும்போது ரசிகர்கள் வழக்கமாகச் சொல்வது இதுதான்: ‘மற்ற ஹீரோக்கள் மாதிரி உலகத்தைக் காப்பாத்தணும்னு இவன் கிளம்பல, சோறும் தூக்கமும் போதும்னு இருக்கான், அதனாலதான் இவனைப் பிடிக்குது.’ அது உண்மைதான். ஷோனென் மங்கா நாயகர்களுக்குப் பெரிய பெரிய லட்சியங்கள் இருக்கும். டெஞ்சியின் லட்சியம் மூன்று வேளைச் சாப்பாடு.

ஆனால், அந்த ரொட்டியை மறுபடியும் பாருங்கள். பசி கேட்பது ரொட்டியை. ஜாமைக் கேட்பது பசி இல்லை. சாதாரண மனிதர்கள் ஜாம் தடவுகிறார்கள் என்று அவன் கேள்விப்பட்டிருக்கிறான், அதனால் அவனுக்கும் வேண்டும். அவன் ருசியே பார்க்காத ஒன்றின் மீதுதான் அவனுக்கு ஏக்கம். உண்மையில் அவனுக்கு வேண்டியது ஜாம் தடவிச் சாப்பிடுகிற ஆட்களில் ஒருவனாக ஆவது. ஆசையின் ஆழத்தில் இருப்பது பொருள் இல்லை, இன்னொருவரைப் போல இருக்கிற ஏக்கம்தான் என்று ஜிரார் சொன்னதும் இதைத்தான்.

‘நார்மல் லைஃப்’ என்பதே டெஞ்சிக்கு இரவல் கனவு. அந்த வாழ்க்கையை வாழ்ந்த ஒருவரையும் அவன் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை.

கனவு நிறைவேறியதும் வந்த வெறுமை

அரசு வேலையில் சேர்ந்ததும் சாப்பாடு, படுக்கை, குளியல் எல்லாம் கிடைத்துவிடுகிறது. சில நாட்களிலேயே அவன் குழம்பிப்போகிறான். கூட வேலை செய்கிற ஹயகாவா ஆக்கிக்கு ஒரு நெருப்பு இருக்கிறது. அவன் குடும்பத்தைக் கொன்ற ‘கன் டெவிலை’ப் பழிவாங்க வேண்டும். பவர் என்ற பெண்ணுக்குத் தன் பூனையை மீட்க வேண்டும். எல்லோருக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது. தனக்கு மட்டும் எதுவும் இல்லையே?

இது இருபதுகளில் இருக்கும் பலருக்கும் தெரிந்த குழப்பம். வேலை கிடைத்தாச்சு, மாசச் சம்பளம் வருது, அப்புறம்? பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு ஐந்தாண்டுத் திட்டம் இருக்கிறது, நமக்கு இல்லை என்பதே ஒரு குற்ற உணர்வாக மாறும் நேரம் அது.

டெஞ்சி அவசர அவசரமாக ஒரு லட்சியத்தைத் தேடிப் பிடிக்கிறான். ஒரு பெண்ணைத் தொட வேண்டும். பதின்ம வயதுக்கே உரிய அசட்டு ஆசை. கதை அதை நகைச்சுவையாகத்தான் நடத்துகிறது. பவர் அதைத் தெரிந்துகொண்டு, பூனையை மீட்டுத் தந்தால் தொட அனுமதிப்பதாகப் பேரம் பேசுகிறாள். அவன் உயிரைப் பணயம் வைத்து மீட்கிறான். அவளும் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறாள். அந்த நொடியில் அவனுக்குத் தோன்றுவது: இவ்வளவுதானா?

ஆசைப்பட்ட பொருள் கைக்கு வந்ததும் அதன் மந்திரம் காணாமல் போய்விடுகிறது. ஜிரார் நாவல்களில் திரும்பத் திரும்பக் கண்டதும் இதே ஏமாற்றம்தான். அதற்குப் பிறகு மனிதர்கள் செய்வது இரண்டில் ஒன்று. ஆசை என்பதையே சந்தேகப்படலாம். அல்லது, தப்பான பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்று அடுத்ததைத் தேடிப் போகலாம்.

சந்தேகப்பட டெஞ்சிக்கு நேரமே கிடைப்பதில்லை. அவன் சோர்ந்திருப்பதைக் கவனித்து மாகிமா வருகிறாள். ஒருவரை எவ்வளவு நன்றாக அறிந்திருக்கிறோமோ அவ்வளவுக்குத்தான் நெருக்கம் இனிக்கும் என்று மென்மையாக விளக்குகிறாள். அவன் விரலை மெல்லக் கடித்து, இந்தக் கடியின் அழுத்தத்தை ஞாபகம் வைத்துக்கொள் என்கிறாள். பிறகு, கன் டெவிலைக் கொன்றால் அவன் கேட்கும் எந்த ஆசையையும் நிறைவேற்றுவதாக வாக்குக் கொடுக்கிறாள்.

இங்கே நடந்ததைக் கவனிக்க வேண்டும். கன் டெவில் மீது டெஞ்சிக்கு எந்தப் பகையும் கிடையாது. அது ஆக்கியின் பகை. இப்போது அது டெஞ்சியின் லட்சியம். அப்பாவின் கடனிலிருந்து தப்பி வந்தவன், தனக்கே தெரியாமல் இன்னொரு கடனில் மாட்டிக்கொள்கிறான். இந்த முறை வாங்கியது ஆசை.

இதைக் காதல் காட்சியாகப் படித்த ரசிகர்கள் நிறையப் பேர். ஆனால், அவனுக்கு வயது 16. அவள் மேலதிகாரி. சோறும் இருப்பிடமும் அவள் கையில். மறுத்தால் மரணம் என்ற நிபந்தனை முதல் நாளிலிருந்தே இருக்கிறது. காதல் என்று சொல்வதைவிட, அன்புக்கு ஏங்கும் ஒரு பையனைப் பழக்கி வசப்படுத்துவது என்று சொல்வதே சரி. டெஞ்சி மட்டும் இல்லை, படிக்கிறவர்களும் மாகிமாவிடம் விழுந்துவிடுகிற மாதிரி ஃபுஜிமோட்டோ வரைந்திருப்பதுதான் இதில் பயமுறுத்தும் விஷயம்.

‘எனக்கு மனசு இருக்கா?’

ஆக்கியின் நெருங்கிய சகா ஹிமெனோ ஒரு தாக்குதலில் இறந்துபோகிறாள். ஆக்கி உடைந்து அழுகிறான். அதைப் பார்க்கும் டெஞ்சிக்கு அழுகை வரவில்லை. அவளை அவனுக்குத் தெரியும், ஆனாலும் பெரிதாக வலிக்கவில்லை. நெஞ்சுக்குள் இருப்பது டெவிலின் இதயம்தானே, தன் மனசு போய்விட்டதோ என்ற பயம் வருகிறது.

டெஞ்சியின் உள்மனப் போராட்டம் தொடங்குவது இங்கேதான். இதுவரை மற்றவர்களைப் பார்த்து எதற்கு ஆசைப்படுவது என்று கற்றுக்கொண்டிருந்தான். இப்போது மற்றவர்களைப் பார்த்து எதற்கு அழுவது என்றும் கற்க வேண்டியிருக்கிறது. ஆக்கியின் துக்கம் அவனுக்கு ஓர் அளவுகோல் ஆகிவிடுகிறது. அந்த அளவுக்குத் தன்னிடம் இல்லை என்றால், தான் மனிதனே இல்லையோ?

இந்தச் சமயத்தில் மாகிமா அவனைச் சினிமாவுக்கு அழைத்துப்போகிறாள். ஒன்று இரண்டு இல்லை, காலையில் தொடங்கி நள்ளிரவு வரை படம் படமாக. மற்றவர்கள் சிரிக்கும் இடத்தில் இவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அழும் இடத்தில் அழுகை வரவில்லை. கடைசியாகப் பார்த்த படத்தில், இருவர் கட்டியணைத்துக்கொள்ளும் ஒரு காட்சியில் டெஞ்சியின் கண்ணிலிருந்து நீர் வழிகிறது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தால், மாகிமாவும் அழுதுகொண்டிருக்கிறாள்.

தனக்கு மனசு இருக்கிறதா என்று அவளிடமே கேட்கிறான். அவள் அவன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, இருக்கிறது என்கிறாள்.

முதல் முறை படிக்கும்போது மொத்த மங்காவிலும் இதைவிட அழகான காட்சி இல்லை என்று தோன்றும். கதையை முடித்துவிட்டுத் திரும்பி வந்தால் உடம்பு சிலிர்க்கும். அவன் நெஞ்சுக்குள் துடிப்பது போச்சிட்டா. அவள் தேடி வந்ததும் போச்சிட்டாவைத்தான். அவன் தன் மனசைப் பற்றிக் கேட்டான். அவள் காது கொடுத்துக் கேட்டது யாருடைய துடிப்பை?

ரேசே: யாரும் போகாத பள்ளிக்கூடம்

மழைக்கு ஒதுங்கிய டெலிபோன் பூத்தில் டெஞ்சி சந்திக்கும் பெண் ரேசே. ஒரு காபி ஷாப்பில் வேலை பார்க்கிறாள். 16 வயதில் பள்ளிக்குப் போகாமல் டெவில்களோடு சண்டை போடுவது சரியில்லையே என்று அவனிடம் சொல்கிறாள். இதை அவனிடம் அதுவரை யாரும் சொன்னதில்லை. இரவில் ஆள் இல்லாத பள்ளிக்கூடத்துக்குள் அவனைக் கூட்டிப்போகிறாள். வகுப்பறையில் பாடம் நடத்துகிறாள். நீச்சல் குளத்தில் நீந்தக் கற்றுத்தருகிறாள்.

பிறகு தெரியவருகிறது, அவள் சோவியத் ஒன்றியம் அனுப்பிய ஆயுதம். வந்தது அவன் இதயத்தைப் பறிக்க. அவள் காட்டிய அன்பு முழுக்க நடிப்பு என்று அவளே சொல்கிறாள்.

ஆனால், கதை அங்கே முடிவதில்லை. தப்பிப்போக எல்லா வாய்ப்பும் இருந்தும் அவள் காபி ஷாப்பை நோக்கித் திரும்புகிறாள். அங்கே பூங்கொத்தோடு டெஞ்சி காத்திருக்கிறான். போய்ச் சேரும் முன்பே மாகிமாவின் ஆட்டம் முடிந்துவிடுகிறது. உயிர் போகும் நேரத்தில் ரேசே நினைத்துக்கொள்வது, தானும் பள்ளிக்கூடத்துக்குப் போனதே இல்லை என்பதைத்தான்.

இரண்டு பேருமே பள்ளிக்கூடத்துக்குப் போகாதவர்கள். ஆனால், அந்த இரவில் இருவரும் மாணவர்களாக வாழ்ந்து பார்த்தார்கள். எங்கோ பார்த்த, கேட்ட பள்ளிக் காதலின் நகல் அது. நகல் என்பதால் பொய் ஆகிவிடுமா? இந்த இடத்தில் ஃபுஜிமோட்டோ ஜிராரைத் தாண்டிப் போகிறார். இரவல் வாங்கிய ஆசைக்குள்ளும் உண்மையான அன்பு முளைக்கலாம் என்கிறது ரேசேவின் கதை. யாரிடமிருந்து ஆசை வந்தது என்பதைவிட, அதைக் கொடுத்தவருக்கும் அதே ஏக்கம் இருந்ததா என்பது முக்கியமாகிறது.

கொடுத்துவிட்டுப் பறிப்பது

ஆக்கி, பவர், டெஞ்சி மூவரும் ஒரே வீட்டில் தங்குகிறார்கள். சண்டை, சமையல், யார் முதலில் குளிப்பது என்ற தகராறு. தெரியாமலேயே டெஞ்சிக்கு ஒரு குடும்பம் அமைந்துவிடுகிறது. இது அவன் ஆசைப்பட்டுக் கேட்டதே இல்லை. ஆனாலும், அவன் கனவு கண்ட ‘நார்மல் லைஃப்’ இதுதான்.

பிறகு ஒவ்வொன்றாக உடைகிறது. கன் டெவில் ஆக்கியின் உடலை எடுத்துக்கொள்ள, டெஞ்சியே அவனைக் கொல்ல வேண்டியதாகிறது. நொறுங்கிப்போன டெஞ்சி மாகிமாவின் வீட்டுக்குப் போகிறான். இனி தன்னால் யோசிக்கவே முடியாது, அவளுடைய நாயாக இருந்துவிடுகிறேன் என்கிறான். அவன் பிறந்தநாளுக்குக் கேக்கோடு வாசலில் வந்து நிற்கிறாள் பவர். அவன் கண் முன்னாலேயே மாகிமா அவளையும் கொன்றுவிடுகிறாள்.

எல்லாமே திட்டம். டெஞ்சிக்குச் சந்தோஷத்தைக் கொடுத்து, அதை அவன் கண் முன்னாலேயே அழிக்க வேண்டும். இனி எந்தக் கனவும் வேண்டாம் என்று அவன் நினைக்க வேண்டும். அப்போதுதான் போச்சிட்டாவோடு அவன் போட்ட ஒப்பந்தம் முறியும், உள்ளே இருக்கும் நிஜ செயின்சா டெவில் வெளியே வரும். மாகிமாவின் உண்மையான பெயரே ‘கன்ட்ரோல் டெவில்’. ஒருவரைக் கட்டுப்படுத்த மிரட்ட வேண்டியதே இல்லை. அவருடைய ஆசைகள் எங்கிருந்து வர வேண்டும் என்பதைத் தீர்மானித்தாலே போதும்.

டெஞ்சியின் மனதில் அவன் திறக்காமல் வைத்திருந்த ஒரு கதவையும் அவள் இதே சமயத்தில் திறக்கவைக்கிறாள். அப்பா தற்கொலை செய்துகொண்டதாகத்தான் அவன் நம்பியிருந்தான். குடித்துவிட்டு அடித்த அப்பாவைக் கொன்றது தானே என்பது அவனுக்கு இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. ‘நார்மல் லைஃப்’ கனவு எதை மூடிவைக்கப் பிறந்தது என்பதும் அப்போது புரிகிறது.

மாகிமாவும் ஒரு ரசிகைதான்

கதையின் பெரிய திருப்பம் இதற்குப் பிறகு வருகிறது. எல்லோருக்கும் ஆசையை இரவல் கொடுத்த மாகிமாவே ஓர் இரவல் ஆசைக்கு அடிமை. அவள் செயின்சா மேனின் தீவிர ரசிகை. அவனோடு இருக்க வேண்டும், முடியாவிட்டால் அவன் கையால் தோற்று அவனுக்கு உணவாக வேண்டும். அவளுடைய முக்கோணத்தில் டெஞ்சி என்ற பையன் எங்குமே இல்லை. அவன் வெறும் உறை.

இறுதிச் சண்டையில் டெஞ்சி ஜெயிப்பதற்குக் காரணமும் இதுதான். மாகிமா ஆட்களை முகத்தை வைத்து இல்லை, வாசனையை வைத்துத்தான் அடையாளம் காண்பாள். போச்சிட்டா செயின்சா மேனாக அவளோடு மோத, டெஞ்சி தனியாகப் பின்னாலிருந்து வருகிறான். அவள் கவனிக்கவே இல்லை. இத்தனை நாள் பக்கத்திலேயே வைத்திருந்தும் அவன் வாசனை அவள் ஞாபகத்தில் இல்லை. அவள் தன்னை ஒருநாளும் பார்த்ததே இல்லை என்பது டெஞ்சிக்கு அப்போது உறைக்கிறது.

அவனுக்கு வெற்றியைக் கொடுத்ததும் அதுதான், அதிகமாக வலித்ததும் அதுதான்.

மோசமான படங்கள் வேணும்

அந்தச் சண்டைக்கு முன்னால் ஒரு சின்ன உரையாடல் உண்டு. செயின்சா மேனின் சக்தியால் போர், பசி, சாவு எல்லாம் இல்லாத உலகத்தை உருவாக்க முடியும் என்கிறாள் மாகிமா. டெஞ்சி கேட்பது ஒரே கேள்வி: அந்த உலகத்தில் மோசமான படங்கள் இருக்குமா? அப்படிப்பட்ட படங்கள் இல்லாமல் போவதே நல்லது என்பது அவள் நிலைப்பாடு. அப்படியானால் உன்னைக் கொல்லத்தான் வேண்டும் என்று முடிவெடுக்கிறான் டெஞ்சி.

ஜோக் மாதிரி இருக்கும். ஆனால், சினிமா டேட்டில் இருவரும் ஒரே காட்சிக்கு அழுதார்களே, அதற்குப் பதில் இது. அன்று அவளோடு ஒத்துப்போனதால் தனக்கு மனசு உண்டு என்று நம்பினான். இன்று முதல் முறையாக அவளுக்குப் பிடிக்காத ஒன்றைத் தனக்கு வேண்டும் என்று சொல்கிறான். உலக அமைதியை மறுத்துவிட்டு மொக்கைப் படத்தைக் கேட்பது முட்டாள்தனமாகத் தோன்றலாம். ஆனால், அந்த ஆசையை அவனுக்கு யாரும் கொடுக்கவில்லை.

அதற்காக டெஞ்சி ஞானி ஆகிவிடவில்லை. டிவியில் ஜனங்கள் செயின்சா மேனைக் கொண்டாடுவதைப் பார்த்ததும் அவன் கண் விரிகிறது. ஸ்டீக் வேண்டும், நிறைய கேர்ள்ஃப்ரெண்ட்ஸ் வேண்டும் என்று பட்டியல் நீள்கிறது. இரண்டாம் பாகத்தில் அவன் பள்ளிக்கூடம் போகிறான், வீடு இருக்கிறது, வளர்க்க ஒரு குழந்தையும் இருக்கிறது. கேட்ட ‘நார்மல் லைஃப்’ கையில் இருக்கும்போதே, நான்தான் செயின்சா மேன் என்று ஊருக்குச் சொல்லிப் பெயர் வாங்கத் துடிக்கிறான். இரவல் ஆசையிலிருந்து முழு விடுதலை என்று ஒன்று கிடையாது. இந்தக் கதை அதை மறைக்கவும் இல்லை.

அப்படியானால் என்ன மாறியது? முதல் பாகத்தின் கடைசியில், மறுபிறவி எடுத்த கன்ட்ரோல் டெவிலை நயூட்டா என்ற சிறுமியாக டெஞ்சியிடம் ஒப்படைக்கிறார்கள். அவள் அவன் விரலைக் கடிக்கிறாள். அந்தக் கடியின் அழுத்தம் அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. அன்றிரவு கனவில் போச்சிட்டா வந்து சொல்கிறது: கன்ட்ரோல் டெவில் எப்போதும் ஏங்கியது சமமான உறவுக்கும் குடும்பத்துக்கும்தான், அவளை நிறையக் கட்டியணைத்துக்கொள்.

டெஞ்சியின் வாழ்க்கையில் இரண்டு பேர் அவனுடைய கனவைப் பற்றிப் பேசினார்கள். மாகிமா, தன் கனவை நிறைவேற்றினால் உன் ஆசையைத் தருகிறேன் என்றாள். போச்சிட்டா, ஒரு துண்டு ரொட்டியைப் பங்குபோட்டுக்கொண்ட காலத்திலிருந்து, நீ உன் கனவைச் சொல், நான் கேட்கிறேன் என்றது. ஜாம் தடவிய ரொட்டி மாதிரி அற்பமான கனவாக இருந்தாலும், எங்கோ கேள்விப்பட்ட கனவாக இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை.

அடுத்து எது வேண்டும் என்று குழம்பி நிற்கும்போது, அது யாருடைய ஆசை என்று கண்டுபிடிப்பது கஷ்டம்தான். ஆனால், நம் பக்கத்தில் இருப்பவர் நமக்கு ஒரு கனவைக் கொடுக்கிறாரா, இல்லை நம் கனவைக் கேட்கிறாரா என்பதைக் கண்டுபிடிக்க முடியும். டெஞ்சிக்கு அது புரிய 97 அத்தியாயம் ஆனது.